மூன்றாவது சங்குக்கு முன்னால்

உங்களுக்கு எதற்கு இந்த விஷயம்? அவரவர் வீட்டில் பால் பொங்கி வழிகிறதா என்று பார்க்காமல், எங்கள் தெருவிலிருந்து போன மூன்று டிராக்டர் மக்காச்சோளம் எப்படி நனைந்தது என்று தெரிந்துகொள்ள இத்தனை ஆசையா? கேட்டுவிட்டு என்ன செய்யப் போகிறீர்கள்? பஸ் ஏறியதும் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் சொல்வீர்கள். அவள் கீழப்பழுவூரில் இறங்குவதற்குள் மூன்று டிராக்டர் முப்பது டிராக்டர் ஆகிவிடும். எனக்குத் தெரியாதா? நானும் அந்த ரகம்தான். அதனால்தான் வந்தது வினையே.

சரி, கேட்டுத் தொலையுங்கள். சொன்னபடி சொல்ல வேண்டும். மசாலா சேர்க்கக் கூடாது. சேர்க்க வேண்டியதை நானே சேர்த்துக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் அரியலூருக்குப் பக்கத்தில், சுண்ணாம்புக்கல் குவாரியை ஒட்டி இருக்கிறது. குவாரியில் வெடி வைக்கிற நாளில் மூன்று முறை சங்கு ஊதும். முதல் சங்குக்கு ஆட்டையும் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு ஒதுங்க வேண்டும். இரண்டாவது சங்குக்கு வெடி. அதன் பிறகு சத்தம் நின்று, புழுதி அடங்கி, பறந்துபோன காக்காய்கூடத் திரும்பி வந்துவிடும். ஆனாலும் நாம் நகரக் கூடாது. சிவப்புக்கொடி வைத்திருப்பவர் உள்ளே நடந்து போய், வெடிக்காத குழி எதுவும் மிச்சமிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத் திரும்புவார். அவர் வந்த பிறகுதான் மூன்றாவது சங்கு.

காற்று மாறி அடித்தால் தெருவின் கடைசி வீடுகளுக்கு அந்த மூன்றாவது சங்கு சரியாகக் கேட்காது. எங்கள் வீடு குவாரிப் பக்கத்தில் முதல் வீடு. அதனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. வாசலில் நின்று, "மூணாவது ஆச்சு!" என்று ஒரு குரல் கொடுப்பேன். குரல் கேட்டால் ஆடு அவிழும், சைக்கிள் நகரும், பெண்கள் களை வெட்டப் போவார்கள். அது நிஜமாகவே ஊதியதா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவளுக்கு ஊர் கொடுத்த உத்தியோகம் அது.

இந்த வீட்டில் என்னோடு இருப்பவள் என் மகள் வயிற்றுப் பேத்தி. மகளும் மருமகனும் திருப்பூரில் பனியன் தைக்கிறார்கள். பேத்தி பெரம்பலூரில் கல்லூரி படித்து, பெரம்பலூரிலேயே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை வாங்கிவிட்டாள். வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறி ஆபீசுக்குப் போவாள். மற்ற நாட்களில் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் கருப்பு மூடி மாட்டிக்கொண்டு, லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

கதவு சாத்தினால் எனக்கு ஆகாது. சமையலறையில் உரிக்க வேண்டிய சின்ன வெங்காயத்தை முறத்தோடு தூக்கிவந்து அந்தக் கதவோரம் உட்கார்ந்துகொள்வேன். ஒரு நாள் காதில் விழுந்தது:

"இத எப்ப எடுக்கணும்னு சொல்லிட்டேன். எப்ப எடுக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டேன். நீயா முடிவு பண்ணி எல்லாருக்கும் சொல்லிடாத."

என் கையிலிருந்த வெங்காயம் உருண்டு ஓடியது. எல்லாருக்கும் சொல்லிடாத! எவனிடம் சொல்கிறாள்? எதைச் சொல்லக் கூடாது? சோறு போடும்போது மடக்கினேன்.

"யாருடி அவன்?"

"எவன் அம்மாயி?"

"எல்லாருக்கும் சொல்லிடாதன்னு கொஞ்சிக்கிட்டு இருந்தியே, அவன்."

"ஐயோ, அது ஆளே இல்ல. ஏஐ ஏஜென்ட்."

"ஏஜென்ட்டா? இன்சூரன்சு போடுறவனா? என்ன வயசு?"

"ஆபீசுக்கு வந்து நாலு மாசம் ஆவுது."

"நாலு மாசத்துப் புள்ளகிட்டயா இம்புட்டு நேரம் பேசுற? எனக்குக் காது குத்தாத."

புரை ஏறுகிற அளவுக்குச் சிரித்துவிட்டுப் பிறகு சொன்னாள். நான் பாதிதான் நம்பினேன். அந்தப் பாதியை உங்களுக்குச் சொல்கிறேன்.

பெரம்பலூர் ரோட்டில் தனியார் மக்காச்சோளக் கொள்முதல் மையம் ஒன்று இருக்கிறது. விவசாயி போனில் நேரம் குறித்துக்கொண்டு மூட்டையைக் கொண்டுபோக வேண்டும். அங்கே டோக்கன் கொடுக்கிற கம்ப்யூட்டர் நின்றுவிட்டால் எடை போட மாட்டார்கள். அது ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளப் போனில் ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். அதற்கு ஸ்டேட்டஸ் பேஜ் என்று பெயர். பச்சை என்றால் வண்டி கிளம்பலாம். மஞ்சள் என்றால் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சிவப்பு என்றால் வீட்டிலேயே இரு. முன்பு ஆபீசில் ஒருவர் உட்கார்ந்து அதை மாற்றிக்கொண்டிருந்தார். இப்போது மெஷினே மாற்றுகிறது. அதற்குத்தான் ஏஜென்ட் என்கிறார்கள்.

"அதுக்குக் கை ஏதுடி?"

"நாங்க குடுக்குற டூலுதான் அதுக்குக் கை. ஒரு டூல் நிறத்த மாத்தும். ஒண்ணு சேதி அனுப்பும். ஒண்ணு பிரச்சன முடிஞ்சுதுன்னு மூடும். ஒவ்வொரு டூலுக்கும் பக்கத்துல, இது என்ன செய்யும், எப்ப தொடணும், எப்ப தொடக் கூடாதுன்னு எழுதி வைக்கணும். அத எழுதுறதுதான் என் வேல."

"மாத்திரச் சீட்டு மாதிரி."

"அப்படியே வச்சுக்க."

"அது பொய் சொன்னா?"

"சீட்டுல நாம சரியா எழுதலன்னா, பொய்யுன்னே தெரியாம சொல்லும். மொத வாரம் அப்படித்தான் அவசரப்பட்டுப் பச்சை போட்டுருச்சு. மேனேஜர் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுறாரு."

எனக்கு அந்த மெஷினைப் பிடிக்கவில்லை. சொன்னதை மட்டும் செய்கிறவர்களை நான் நம்புவதில்லை. பின்னால் யாரோ இருப்பார்கள். எதற்கும் சோதித்துப் பார்ப்போம் என்று, "நான்தான் மெஷினு, சீட்டப் படி" என்றேன். விவசாயிக்குப் போகிற சேதி தமிழில் இருப்பதால், சீட்டையும் அவள் முதலில் தமிழில் எழுதி வாய்விட்டுப் படித்துப் பார்ப்பாள். வாய் தடுக்கினால் மெஷினுக்கும் தடுக்கும் என்பாள்.

"மொத டூல். 'பக்கத்தைப் புதுப்பிக்கும்.' ரெண்டாவது டூல். 'நிலையைத் தெரிவிக்கும்.' இப்ப டோக்கன் மெஷின் நின்னுபோச்சு. நீ எத எடுப்ப?"

"எதுவும் எடுக்க மாட்டேன். ரெண்டும் ஒண்ணுதானே? ஒரு மருமவகிட்ட ஊட்டப் பாத்துக்கன்னு சொல்லி, இன்னொருத்திகிட்ட ஊட்டக் கவனிச்சுக்கன்னு சொன்னா, ரெண்டு பேரும் கல்லங்குறிச்சிக் கோயிலுக்குக் கெளம்பிப் போயிடுவாளுவ."

அவள் முகம் சுருங்கியது. லேப்டாப்பில் எதையோ அழித்தாள். அழித்துவிட்டு எழுதியதைப் படித்தாள். முதல் டூல், 'பக்கத்தில் உள்ள நிறத்தை மட்டும் மாற்றும். யாருக்கும் செய்தி போகாது.' இரண்டாவது, 'பதிவு செய்த எல்லோருடைய போனுக்கும் உடனே செய்தி போகும். அனுப்பியதைத் திரும்ப எடுக்க முடியாது.'

"இப்ப?"

"இப்ப ரெண்டாவதத் தொட பயமா இருக்கு."

"அதான் வேணும்," என்றாள். மூடுகிற டூலுக்கு அவளே எழுதி வைத்திருந்ததையும் படித்தாள். 'டோக்கன் இயந்திரம் மீண்டும் ஓடத் தொடங்கியது என்பதற்காக இதைப் பயன்படுத்தக் கூடாது. மையத்தில் இருக்கும் ஒருவர் ஒரு மூட்டையை நேரில் எடை போட்டுப் பார்த்து உறுதி சொன்ன பிறகே பயன்படுத்த வேண்டும்.'

"நம்ம குவாரிய நெனச்சுதான் எழுதுனேன் அம்மாயி. மூணாவது சங்கு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு இரண்டு முட்டை வறுத்துக் கொடுத்தேன். பெருமைப்பட்டவள் அதோடு சும்மா இருந்திருக்க வேண்டும்.

தை மாதம். எதிர்வீட்டுக்காரி தன் மக்காச்சோளத்தை மூட்டை பிடித்து டிராக்டரில் ஏற்றி வைத்திருந்தாள். அன்று செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்தே பக்கம் சிவப்பு. நேரம் குறித்தது டிராக்டர்காரன் போனில். அவன் போனை டூல்பாக்ஸில் போட்டுவிட்டு மறந்துவிடுகிற ஆள். அதனால் அவள் என்னிடம் சொல்லி வைத்தாள்.

"அத்தே, பச்சை வந்தா ஒரு கொரலு குடு. உன் ஊட்டுலதான் கம்பெனியே இருக்கு."

கம்பெனியே என் வீட்டில்! எனக்குத் தலை கால் புரியவில்லை. முறத்தோடு கதவோரம் போய் உட்கார்ந்தேன். பதினொரு மணி இருக்கும். உள்ளே பேத்தி படித்தாள்:

"முடிந்தது. கொள்முதல் மையம் வழக்கம்போல் இயங்குகிறது. வண்டிகள் கிளம்பலாம்."

கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முறத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

"பச்சையாயிருச்சு! கெளம்புங்கடி!"

எதிர்வீட்டு டிராக்டர் கிளம்பியது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு கிளம்பின. காதில் கருப்பு மூடி போட்டிருந்த பேத்திக்கு எதுவும் கேட்கவில்லை.

மையத்தின் கேட் மூடியிருந்தது. டோக்கன் மெஷின் ஓடவே இல்லை. ரோட்டோரம் நின்றார்கள், நின்றார்கள். மூன்று மணிக்கு வானம் கறுத்தது. தை மாதத்தில் மழை வரும் என்று யார் தார்ப்பாய் எடுத்துப் போவார்கள்? சாக்கு நனைந்து, சோளம் நனைந்து, சேலையும் நனைந்து எதிர்வீட்டுக்காரி திரும்பி வந்தாள். கேட்டில் நின்று கத்திவிட்டும் வந்திருக்கிறாள்: "கம்பெனியில சொல்லித்தானே வந்தோம்!" என்று.

என் வாசலில் வந்து நின்றாள். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவளோ, "உன்னயச் சொல்லி என்ன பண்றது அத்தே. அந்த மெஷினு சொன்னத நீ சொன்ன. அத நம்புனோம் பாரு, எங்களச் சொல்லணும்," என்றாள்.

அவளாக வழி விட்டாள். நான் அதில் புகுந்துகொண்டேன்.

"அதானே! மெஷின நம்பலாமா? நான் அன்னைக்கே இவகிட்ட சொன்னேன்!" என்றேன். வெட்கமில்லாமல் சொன்னேன்.

அதன் பிறகு ஆபீசில் நடந்ததைப் பேத்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எது புரிந்தது, எது புரியவில்லை என்று அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. மேனேஜர் புதன்கிழமை போன் செய்தார். ஒரே தெருவிலிருந்து மூன்று வண்டி வந்து நனைந்திருக்கிறது. மெஷின் மறுபடியும் பொய்ப் பச்சை போட்டிருக்கிறது என்றார். வெள்ளிக்கிழமைக்குள் எந்தச் சீட்டில் தப்பு என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மெஷினையும் நிறுத்திவிடுவார்கள், அவள் வேலையையும் எடுத்துவிடுவார்கள். வேலை போனால் பெங்களூருக்குப் போய்விடுவேன் என்று சொல்லி, அங்கே இருக்கும் தோழியிடம் ஹாஸ்டல் விசாரித்துவிட்டாள். எல்லாம் அரை நாளில்.

புதனும் வியாழனும் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை மெஷின் என்னென்ன செய்தது என்று அதுவே குறித்து வைத்திருக்கிறதாம். அதில் பச்சையே இல்லை. நாள் முழுக்கச் சிவப்பு.

"சிவப்பாத்தான் இருந்திருக்கு அம்மாயி. அப்புறம் எப்படி மூணு வண்டி கெளம்புச்சு?"

"பச்சை போட்டுட்டு அழிச்சிருக்கும்," என்றேன். "கள்ளப் பயலா இருப்பான்."

அவள் என்னை நம்பினாள். அதுதான் இப்போதும் உறுத்துகிறது. சரியாக எழுதி வைத்த சீட்டுகளையெல்லாம் மறுபடி பிரித்து, இதில் தப்போ, அதில் தப்போ என்று வரி வரியாகச் சந்தேகப்பட ஆரம்பித்தாள். யோக்கியமாக நடந்த மெஷின்மேல் நான் பழி போட்டேன். அதற்கு இவள் சாட்சி தேடிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கதவைத் திறந்து போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் வெங்காயத்தோடு பக்கத்தில். ஒவ்வொரு சீட்டாகப் படித்துக்கொண்டே வந்து மூடுகிற டூலுக்கு வந்தாள். அதன் அடியில், எப்படி எழுத வேண்டும் என்று மெஷினுக்குக் காட்ட ஒரு மாதிரி வாக்கியம் போட்டிருக்கிறாள்.

"முடிந்தது. கொள்முதல் மையம் வழக்கம்போல் இயங்குகிறது. வண்டிகள் கிளம்பலாம்."

என் கை நின்றுவிட்டது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். என் பேத்தி அல்லவா?

"அம்மாயி, இத முன்னாடியே கேட்டிருக்கியா?"

"கண்ணு எரியுது. கார வெங்காயம்."

"அம்மாயி."

"என்னடி?"

"செவ்வாக்கிழம நான் இத ஒத்திகைப் பக்கத்துல வச்சுப் படிச்சேன். ஒத்திகைக்குன்னு தனியா ஒரு பக்கம் இருக்கு. அது எங்களத் தவிர யாருக்கும் தெரியாது. கதவு சாத்தியிருந்துச்சு. நீ எங்க இருந்த?"

முறத்தைக் கீழே வைத்தேன். "கதவுக்கு இந்தப் பக்கம்," என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்றுகூட எதிர்பார்த்தேன். அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கொடிக்காரரு போய்ப் பாக்குறதுக்கு முன்னாடியே நீ சங்கு ஊதிட்டியா, அம்மாயி?"

என் வாழ்நாள் முழுக்க மூன்றாவது சங்குக்குக் காத்திருந்து குரல் கொடுத்தவள் நான்.

உடனே மேனேஜருக்குப் போன் போடச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, செவ்வாக்கிழம பச்சைன்னு சொன்னது உங்க மெஷின் இல்ல. நான்தான். ஒட்டுக்கேட்டுச் சொல்லிட்டேன்."

"பாட்டி, பேத்தி மேல உள்ள பாசத்துல சொல்றீங்க. எனக்குப் புரியுதுங்க."

"பாசமா? அவகிட்ட வந்து கேளுங்க, எம்புட்டுப் பாசம்னு சொல்லுவா. நான் பொய் சொன்னப்ப மூணு டிராக்டர் கெளம்புச்சு தம்பி. நெசத்தச் சொல்றப்ப ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறீங்க."

"கோவிச்சுக்காதீங்க. மெஷின் தானா எழுதி வச்ச குறிப்ப மட்டும் வச்சு நான் எப்படி முடிவு பண்றது? நீங்க வேற இதே ஊட்டு ஆளு. வண்டி கொண்டுபோனவங்க யாராச்சும் சொல்லட்டுமுங்க. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாக்குறேன்."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவரும் கொடிக்காரருக்காகத்தான் காத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலையில் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. எல்லாக் குடமும் எல்லா வாயும் அங்கேதான் இருந்தன. எதிர்வீட்டுக்காரி குழாயடியில் குடத்தை வைத்திருந்தாள். நான் குடமில்லாமல், பேத்தியின் போனை மட்டும் எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

"செவ்வாக்கிழம சங்கு ஊதுனது மெஷின் இல்லடி. நான். என் பேத்தி உள்ள உக்காந்து ஒத்திகை படிச்சத ஒட்டுக்கேட்டு, ஊதிட்டேன்."

குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை.

"அத்தே," என்றாள் எதிர்வீட்டுக்காரி. "அன்னைக்கு உன் வாசல்லதானே வந்து நின்னேன். மெஷின நம்பலாமான்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். நீ வழி விட்ட, நான் பூந்துக்கிட்டேன்."

"என் சோளம் மொளச்சுக் கெடக்குது அத்தே."

"மொளைக்காதத நான் காய வச்சுத் தரேன். மொளச்சதுக்கு என்னயத் திட்டு. ஆனா இப்ப இந்தப் போன்ல மேனேஜர்கிட்ட நடந்தத நடந்தபடி சொல்லு. சொல்லலன்னா என் பேத்தி பெங்களூரு போயிடுவா."

கூட்டத்தில் ஒருத்தி வாயைத் திறந்தாள். "அது சரி பெரியம்மா, இத்தன வருசமா மூணாவது ஆச்சுன்னு கத்துனியே, அதெல்லாமாச்சும் நெசமா?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மேனேஜர் நம்பரை அழுத்திப் போனை நீட்டினேன்.

எதிர்வீட்டுக்காரி ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினாள். "சார், நாங்க போன்லயும் பாக்கல, பேஜிலயும் பாக்கல சார். இந்தக் கெழவி சொல்லித்தான் போனோம். எங்க ஊர்ல இவ சொன்னா கேக்குற பழக்கம். மெஷினு மேல குத்தம் இல்ல சார்." கொஞ்சம் கேட்டுவிட்டு, "ஆமா சார், இனிமே பாத்துட்டுதான் போவோம்," என்று போனை என் கையில் வைத்தாள். வேகமாகத்தான் வைத்தாள்.

வேலை போகவில்லை. மெஷினும் இருந்த இடத்திலேயே இருந்தது. பெங்களூர்த் தோழிக்கு வேண்டாம் என்று சேதி போனது. பேத்தி அன்றைக்கே மாதிரி வாக்கியங்களின் முன்னால் எல்லாம் 'ஒத்திகை' என்ற சொல்லைச் சேர்த்தாள். அத்தோடு விடவில்லை. உள்ளறைக் கதவில் எனக்கென்று ஒரு சீட்டு எழுதி ஒட்டினாள். மெஷினுக்கு எழுதுகிற மாதிரியே, பெரிய எழுத்தில்: 'அம்மாயி குரல்: தெரு முழுக்கப் போகும். போனதைத் திரும்ப எடுக்க முடியாது. கதவு சாத்தியிருக்கும்போது காதில் விழுவதை வைத்துப் பயன்படுத்தக் கூடாது. கதவைத் தட்டி என்னிடம் கேட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.' நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவள் எழுதியதிலேயே இதுதான் தெளிவான சீட்டு. கிழிக்க மனம் வரவில்லை.

எதிர்வீட்டுக்காரியின் சோளத்தைத் தார் ரோட்டில் கொட்டி மூன்று நாள் காலால் துழாவினேன். முளைத்ததை அவள் மாட்டுக்குப் போட்டாள். முதல் நாள் அவள் என்னோடு பேசவில்லை. இரண்டாம் நாள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் எதிரில் நின்று, "அந்தப் பக்கம் துழாவவே இல்ல," என்று அதிகாரம் செய்தாள். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த வாரம் குவாரியில் வெடி. முதல் சங்கு, இரண்டாவது சங்கு, புழுதி, காக்காய். பிறகு மூன்றாவது சங்கு ஊதியது. காற்று நல்ல பக்கம். கடைசி வீடு வரைக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் ஒரு ஆடுகூட அவிழவில்லை. அவரவர் வாசலில் ஆட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் வெங்காய முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்னத்தப் பாக்குறீங்க? காது எல்லாருக்கும்தான் இருக்கு," என்று சொன்னேன். "நான் ஒண்ணும் சொல்லல. சங்குதான் சொல்லுது. ஆட்ட அவுத்து விடுங்கடி."